தூத்துக்குடி – திப்ருகர்: விமான தூரமும் நேரமும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நாளுக்கு மேல் ஆகும். வான்வழியில் எவ்வளவு? நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு டிக்கெட் தளங்கள் காத்திருப்பையும் சேர்த்து ஒரே நேரமாகக் காட்டிவிடும், தூரத்தைச் சொல்லாது. அசாம் பயணத்துக்காக நான் போட்ட கணக்கு இது.

படி 1: விமானநிலையக் குறியீடுகள். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி நிலையத்துக்கு டிசிஆர் (TCR), திப்ருகருக்கு டிஐபி (DIB).

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை. இடறுவது இங்கேதான். தூத்துக்குடி 8°43′27″ வடக்கு என்று இருந்தால் அதை 8.43 என்று எழுதக் கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஆகவே 43-ஐ 60-ஆலும், 27-ஐ 3,600-ஆலும் வகுத்து 8-உடன் கூட்ட வேண்டும்: 8.7242. இதே முறையில் கிழக்கு 78.0258. திப்ருகர் 27.4839, 95.0169. அப்படியே 8.43 என்று போட்டால் நிலையம் 32 கிலோமீட்டர் தெற்கே உடன்குடிப் பக்கம் போய்விடும். அங்கே கருப்பட்டி கிடைக்கும், விமானம் கிடைக்காது.

படி 3: தூரம். ஸ்ப்ரெட்ஷீட் பிரியர்கள், உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான குறுகிய தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரம் போடலாம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ., கோணங்களை ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விடை சுமார் 2,745 கி.மீ. எனக்குப் பிடித்தது கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம். பார்க்கப் பழைய காலத்துத் தளம்போல இருக்கும், ஆனால் குறியீடுகளை இடைக்கோடு போட்டு எழுதினால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தின் தூரத்தையும் தனித்தனியே காட்டும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதையும் அது கணக்கில் எடுப்பதால் விடை சில கிலோமீட்டர் மாறும்.

சென்னை, கொல்கத்தா இரண்டையும் நடுவில் சேர்த்துப் பாருங்கள்: 529 + 1,385 + 852, மொத்தம் 2,766. இரண்டு முறை இறங்கி ஏறியும் 20 கிலோமீட்டர்தான் கூடுதல்! இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட அதே கோட்டில் இருக்கின்றன. கொல்கத்தாவை விட்டுவிட்டு டெல்லி வழியாகப் போனால் 4,050 தாண்டும். டிக்கெட் மலிவு என்றாலும் நான் அதை எடுக்க மாட்டேன்.

படி 4: நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ., ஏடிஆர் போன்ற விசிறி விமானத்துக்கு 500. இதோடு ஓடுதளத்தில் ஊர்வது, ஏறுவது, இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். நேரடியாகப் பறந்தால் நான்கு மணி நேரத்தில் முடிந்திருக்கும். சென்னை வரை ஏடிஆர் என்றால் ஒன்றரை மணி, கொல்கத்தாவுக்கு இரண்டேகால், திப்ருகருக்கு ஒன்றரை. ஆக, பறக்கும் நேரம் ஐந்தேகால் மணி. தூரம் ஏறவில்லை, அந்த அரை மணிதான் மும்மடங்காகிவிட்டது. காத்திருப்பு தனிக் கணக்கு.

பின்சேர்க்கை: திரும்பி வரும்போது ஏன் நேரம் கூடுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து வேகமான காற்று வீசும். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்க்கும். திப்ருகர்–கொல்கத்தா கட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடிகாரம் அங்கேயும் இந்திய நேரம்தான் என்றாலும் தீர்க்கரேகை 17 பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்துகிறது. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கு இறங்கும் விமானம் என்றால் வண்டியை முன்பே சொல்லி வையுங்கள்.