பழைய பிக்கப்புக்கு ரயர் மாற்ற முதல் கதவைத் திறந்து பாருங்கள்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வந்து இறங்கி, புல்லு வெட்டுவது, முற்றத்துக்குக் கல்லுப் பதிப்பது, பனி தள்ளுவது என்று சொந்தமாக ஏதாவது தொடங்க நினைக்கிற தம்பிமார் முதலில் தேடுவது ஒரு பழைய பிக்கப். பதினைந்து, இருபது வயது வண்டி. என்ஜின் நன்றாக ஓடும், அடியில் கறள் பிடித்திருக்கும், ரயர் நாலும் மொட்டை.

வாங்குகிற கடதாசி வேலை பெரிய சிக்கல் இல்லை. விற்பவர் ஒன்ராறியோ அரசின் பாவித்த வாகனத் தகவல் பொதியைத் தரவேண்டும். கராஜில் சேஃப்டி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழ், எடுக்கவேண்டும், அது 36 நாட்களுக்குத்தான் செல்லும். வேலைக்குப் பாவிக்கப்போகிறீர்கள் என்பதை இன்சூரன்ஸ்காரரிடம் மறைக்கவேண்டாம். மொட்டை ரயரோடு சேஃப்டி கிடைக்காது. அதனால் எல்லோரும் அவசரமாக ரயர் கடைக்கு ஓடுகிறார்கள். மாட்டுப்படுவது அங்கேதான்.

என் நண்பன் 2006ஆம் ஆண்டு டொட்ஜ் ராம் 2500 ஒன்று வாங்கினான். ரயர் கடையில் நின்றவர் எங்கட ஆள். கழற்றிய ரயரில் இருந்த எண்ணைப் பார்த்தார்: 265/70 ஆர் 17. "அண்ணை, இதே சைஸில் புதுசு இருக்கு. எல்.ரி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அறுபது, எழுபது டொலர் கூட. இது மெத்தெண்டு ஓடும்" என்றார். இவனும் சரி என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சைஸ் சரிதான். அந்த எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்பதைப் பற்றித்தான் இரண்டு பேருமே பேசவில்லை. 'பி' என்று தொடங்கினால் அது கார் வகை வாகனங்களுக்கான ரயர். 'எல்.ரி' என்று தொடங்கினால் பாரம் தாங்கும் கட்டு. சைஸுக்குப் பின்னால் சிறிதாக இன்னோர் எண் இருக்கும், அதுதான் பாரக் குறியீடு. இவன் போட்டதில் 113. அப்படியென்றால் ஒரு ரயருக்கு 1150 கிலோ. பி வகையைப் பிக்கப்பில் பூட்டினால் அதையும் 1.1 ஆல் பிரிக்கவேண்டும் என்பது விதி, ஆகவே 1045 கிலோ. அதே சைஸில் எல்.ரி, 'ஈ' தரம் (எவ்வளவு பாரம் தாங்கும் கட்டு என்பதைக் காட்டும் எழுத்து) என்றால் குறியீடு 121. 80 பி.எஸ்.ஐ காற்றழுத்தத்தில் 1450 கிலோ தாங்கும். அவனுடைய வண்டியின் பின் அச்சு 2700 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று கதவு ஸ்ரிக்கரில் போட்டிருக்கிறது. பூட்டியிருந்த இரண்டு பின் ரயரும் சேர்ந்து தாங்குவது 2090.

ஜூலை மாத வெயிலில் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஒஷாவா பக்கம் போகும்போது பின் ரயர் பக்கவாட்டில் வெடித்தது. நல்ல காலம், ஓரமாக நிறுத்த முடிந்தது. ரயரில் மிச்சம் பிடித்த காசைவிட வண்டியை இழுத்துக்கொண்டு போன ரோ ட்ரக்காரனுக்குக் கொடுத்தது கூட. அன்றைய வேலையும் போனது, மட்கார்ட்டும் நெளிந்தது, நாலு ரயரையும் திரும்ப வாங்கவேண்டியும் வந்தது. கடையில் போய்க் கேட்டால், "நீங்கள் பாரம் ஏற்றுவியள் எண்டு சொல்லேல்லையே அண்ணை" என்கிறார். பிக்கப்பில் வேறு என்ன, பூவையா ஏற்றுவார்கள்?

சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சனம் நாங்கள், எங்களுக்கு வாகனம் பற்றி ஆர் சொல்லித்தரவேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. அந்தக் கெட்டித்தனம் பொய்யில்லை. ஆனால் ரீபில்ட் (தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய) ரயரில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய லொறி ஊரில் தப்பியது, குண்டும் குழியுமான வீதியில் அது மெல்லமாக ஓடியதால். இங்கே நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடுகிறோம். பாரம் கூடி, காற்றும் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து சூடாகும். அந்தச் சூடு ஆற நேரமே இல்லை.

ஆகவே சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் படம் எடுங்கள். சைஸ், எழுத்து, அச்சுப் பாரம், முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு காற்று என்று எல்லாம் அதில் இருக்கும். இப்போது பூட்டியிருக்கும் ரயரைப் பார்த்து வாங்காதீர்கள், பழைய சொந்தக்காரர் என்னத்தைப் போட்டாரோ தெரியாது. எந்த வண்டி வந்தாலும் 35 அடித்து அனுப்புகிற கடைகள் உண்டு. எல்.ரி ரயருக்கு அது காணாது, நின்று கேட்டு அடிப்பியுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. உங்களுடையது அரை டன் என்கிற இலகு ரகப் பிக்கப், ஸ்ரிக்கரில் பி என்றே இருக்கிறது, ஏற்றுவது ஏணியும் பெயின்ற் வாளியும் மட்டும் என்றால், தோற்றத்துக்காக ஈ தர எல்.ரி போடவேண்டாம். முதுகு நோகும், பெற்றோலும் கூடக் குடிக்கும்.

பனிக்கால ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் மூன்று சிகரமும் பனித்துகளும் போட்ட சின்னம் உள்ளதைப் பூட்டினால் இன்சூரன்ஸில் கழிவு உண்டு, 2016 முதல் அது சட்டம். கியூபெக்குக்கு மாறிப்போய் அங்கே வண்டியைப் பதிகிறவர்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் பாரமில்லாமல் பனியில் வழுக்கும். பின் அச்சுக்கு நேர்மேலே மணல் மூட்டை இரண்டு போட்டுக் கட்டிவிடுங்கள்.

பாவித்த ரயர் வாங்குவதென்றால் வரிப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து மயங்காமல், பக்கச்சுவரில் டி.ஓ.ரி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதுசு மாதிரி இருந்தாலும் அது வயது போன ரயர், எடுக்காதீர்கள். நாலு சில்லும் இழுக்கிற வண்டியென்றால் நாலு ரயரும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கியர் பெட்டிப் பக்கம் செலவு வரும்.

அப்புறம் பிக்கப்பின் பின்பெட்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்பெயார் ரயர். பலதில் வண்டி பிறந்த ஆண்டின் ரயரே இன்னும் கிடக்கும், தூக்கிவைத்திருக்கும் கம்பி உப்பில் கறள் பிடித்து இறுகியிருக்கும். கராஜில் வண்டியை உயர்த்தியிருக்கும்போதே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறங்காவிட்டால் அங்கேயே வெட்டி எடுத்துப் புதுக் கம்பி போடுவியுங்கள். மற்ற நாலும் எல்.ரி என்றால் இதுவும் எல்.ரி.