படுக்கைப் புண்: மருந்துக்கு முன்னால் அழுத்தத்தைக் கவனியுங்கள்

படுத்த படுக்கையாக இருப்பவரின் உடம்பைத் துடைக்கும்போது, முதுகின் அடியில் வால் எலும்புக்கு மேல் லேசாகச் சிவந்திருப்பது கண்ணில் படும். சூட்டினால் வந்திருக்கும் என்று பவுடர் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். முதல் தவறு இதுதான்.

அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி, விரலை எடுத்துப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால், தோல் கிழியாவிட்டாலும் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே கைதான் கண். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை, பின்தலை, காது மடல் எல்லாவற்றையும் தினமும் பாருங்கள்.

சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது பாசத்தில் செய்வது. ஆனால் கெடுதல். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கி, இரத்தம் கிடைக்காமல் உள்ளே சதை ஏற்கெனவே நைந்திருக்கலாம். தேய்த்தால் இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி விளிம்பு அழுத்தி, புண்ணுக்கு வரும் இரத்தத்தையே தடுக்கும்.

காற்று மெத்தை வாங்கியதும் புரட்டிவிடுவதை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். மெத்தை உதவும், அவ்வளவுதான். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், நிலையை மாற்றுவது நல்ல தொடக்கம். தோல் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து, மருத்துவர் சொன்னால் கூட்டலாம், குறைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்ந்தோ எழும்பியோ பாரத்தை மாற்ற வேண்டும்.

புரட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். பிறகு உள்ளங்கையை அடியில் நுழைத்துப் பாருங்கள், வால் எலும்பு மெத்தையில் படக்கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, முழங்காலை லேசாக மடக்கிவிடுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு காகிதம் தடையில்லாமல் போய்வர வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு, கண்ணுக்குத் தெரியாதது. தலைப்பக்கத்தை உயர்த்தி மணிக்கணக்கில் உட்கார வைத்தால் ஆள் மெல்ல கீழே சரிவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நழுவும். நடுவில் இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். சாப்பிடும்போதும் அதன்பின் கொஞ்ச நேரமும் நிமிர்ந்திருக்கத்தான் வேண்டும். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். விழுங்கச் சிரமம் இருந்தாலோ குழாய் வழி உணவு என்றாலோ மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மேலே ஏற்றும்போது அக்குளில் பிடித்து இழுக்காமல், அடியில் விரித்த துணியை இருவர் பிடித்துத் தூக்குங்கள்.

ஈரமும் எதிரிதான். டயப்பரை நனைந்தவுடன் மாற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் தடுக்கும் கிரீம் பூசுங்கள்.

புண் திறந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். கிருமியோடு புதிதாக வளரும் சதையும் சாகும். சலைன் நீரில் கழுவினாலே போதும். காற்றாட விட்டுக் காய வைப்பதும் தவறு, புண் ஈரப்பதத்தில்தான் ஆறும்; அதற்கேற்ற கட்டை நர்ஸ் சொல்லித் தருவார். குதிகாலில் காய்ந்து ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருக்கை நீங்களாக உரிக்க வேண்டாம். எவ்வளவு நல்ல கட்டாக இருந்தாலும் அந்தப் புண்மேலேயே படுத்திருந்தால் ஆறாது.

கஞ்சி மட்டும் கொடுத்தால் சதை வளர எதுவும் இருக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடைக்கு 62.5 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், நாற்றம், சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, புண்ணில் எலும்பு தெரிவது, ஆள் திடீரென்று குழம்பிப் பேசுவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.