வெள்ளிக்கிழமை மட்டும் தொங்கிய தளம்

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு இருப்புக் கணக்குத் தளம் பார்த்துக்கொள்கிறேன். வெப் சர்வர் டிஎம்இசட்டில், அதாவது வெளியுலகுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் இடையே தனியாக ஒதுக்கிய பகுதியில். தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் உள் நெட்வொர்க்கில். நடுவே காவலுக்கு ஃபயர்வால், போஸ்ட்கிரஸுக்கான 5432 போர்ட் மட்டும் திறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக இடைவேளை நீளம். அது முடிந்ததும் ஸ்டோரிலிருந்து செய்தி வரும்: "அண்ணே, மறுபடியும் சுத்திக்கிட்டே இருக்கு." மற்ற நாள்களில் ஒன்றுமில்லை.

வெப் சர்வரில், இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை போட்டால் தரவுத்தளத்துக்கான இணைப்பு உயிரோடுதான் காட்டியது. போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு பக்கமும் ஓடவிட்டதும் குட்டு வெளிப்பட்டது: இங்கிருந்து பாக்கெட் திரும்பத் திரும்பப் போகிறது, அங்கே ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஒரு மணி நேரம் சும்மா கிடந்த இணைப்பை ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிடுகிறது; வெள்ளிக்கிழமை இடைவேளை அதைத் தாண்டிவிடும். லினக்ஸோ இயல்பாக 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் முதல் கீப்அலைவ் பாக்கெட்டை அனுப்பும்.

ஃபயர்வால் மறக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லலாம்தான்; ஆனால் அதற்கு யாரிடம் கெஞ்சுவது? போஸ்ட்கிரஸ் அமைப்புக் கோப்பில் டிசிபி கீப்அலைவ் ஐடிலை (சும்மா கிடந்தால் எவ்வளவு நேரத்தில் கீப்அலைவ் அனுப்ப வேண்டும் என்பதை) 300 விநாடி ஆக்கி ரீலோட் செய்தேன். பழைய இணைப்புகள் தொல்லை தராமலிருக்க ஆப்பையும் ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் ஆப் திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இணைப்புத் தொகுப்பான பூலில் ஓர் இணைப்பின் ஆயுளை 30 நிமிடமாக வைத்தேன். அடுத்த வெள்ளி ஸ்டோரிலிருந்து செய்தி வரவில்லை.