குறும்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: டப்பிங்கை நம்பாதீர்கள்

போன மாதம் ஊடகக் கற்கை படிக்கிற நாலு பேர் ஒரு ஹாட் டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தார்கள். ஆறு நிமிடக் குறும்படம், கடைசி ஒப்படை, கையளிக்க இன்னும் பத்து நாள். "அண்ணன், எடிட்டிங்கில ஒள்ளுப்பம் உதவி வேணும்" என்றார்கள். போட்டுப் பார்த்தேன். மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு ஊடாக வாவி தெரிகிற ஒரு ஷாட் இருந்தது. அதை நான் எடுத்திருந்தால் இன்றைக்கும் பீற்றிக்கொண்டு திரிவேன். பிறகு ஸ்பீக்கரைத் திறந்தேன். புஸ்ஸென்று ஒரே இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு தாத்தா பேசிக்கொண்டிருந்தார்.

"அது பிரச்சினை இல்லை அண்ணன், டப்பிங்கில பாப்பம்."

எனக்குச் சுருக்கென்றது. படிக்கிற காலத்தில் நானும் இதே வார்த்தையை இதே தைரியத்தோடு சொன்னவன். அவர்களிடம் அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கமெராவை ஆட்டாதே, பற்றரியைச் சார்ஜ் போடு என்பதெல்லாம் உங்கள் சேரும் மிஸ்ஸும் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடலில் மறையும் சூரியன்

சிரிக்காதீர்கள், மூன்று திரைக்கதைகளில் பார்த்துவிட்டேன். 'கல்லடிக் கடற்கரை. சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. அவன் தனியாக நிற்கிறான்.' எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை என்று நம்முடைய ஆட்கள் ஊருக்கே பெயர் வைத்துத் தந்திருக்கிறார்கள். அதைவிடத் தெளிவான லைட்டிங் குறிப்பு உலகத்தில் எந்த ஊருக்கும் கிடைத்திருக்காது. மறைகிற சூரியன் வேண்டுமென்றால் வாவிக் கரைக்குப் போங்கள். கடல்தான் வேண்டுமென்றால் விடிய நாலரைக்கு எழும்புங்கள்.

இன்னொன்று. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறபடியால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு படம் பிடிக்கிற அளவு வெளிச்சம் இருபது நிமிடம் அளவில்தான் நிற்கும். 'அந்தி நேரத்தில் நீண்ட உரையாடல்' என்று எழுதி, ஐந்து கோணத்தில் எடுக்கத் திட்டமிட்டால், முதல் கோணத்தில் பொன் நிறம், மூன்றாவதில் நீலம், ஐந்தாவதில் இருட்டு. அந்திக்கு ஒரு ஷாட் போதும். பேச்சை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஒலியைப் பிறகு பார்ப்போம் என்பது

என் கடைசி வருடப் படம் ஏழு நிமிடம். வாவிக்குத் தோணியில் போன மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாய். நடிக்க வந்தவர் கூட்டாளி ஒருவனின் பெரியம்மா, படுவான்கரைப் பக்கம். அறுபது வயதிருக்கும். கமெராவை வாழ்க்கையில் முதல் தரம் பார்க்கிறார், ஆனால் பயமே இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரு தரம் கேட்டுவிட்டு, "இப்படி ஆரு மனே கதைக்கிற?" என்று தள்ளி வைத்துவிட்டார். பிறகு தன்பாட்டில் பேசினார். சோற்றுச் சட்டியைத் திறந்து மூடியபடி மகனைப் பற்றி ஏதோ சொன்னார். அதில் 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊரார் சொல்கிற ஒரு 'மறுகா' இருந்தது, ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

நினைவில்லை என்பதுதான் விஷயம். ஆனி மாதம், பின்னேரம் மூன்று மணி, கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிறது. கமெராவிலேயே இருக்கிற மைக்கை நம்பினோம். ஹெட்போன் பைக்குள் கிடந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் திரையில் ஒலி அளவு காட்டுகிற பச்சைக் கோடுகள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தன. ஒலி விழுகிறது என்று நினைத்தோம். காற்றுத்தான் விழுந்துகொண்டிருந்தது.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது ஒரு சொல்லும் தேறவில்லை. பெரியம்மா வேளாண்மை வெட்டு நேரத்தில் வர முடியாது என்றுவிட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு ஸ்டூடியோவை எடுத்து, வகுப்புத் தோழி ஒருத்தியைப் பேச வைத்தோம். அவர் பேசியது என்னவென்று எங்களுக்கே தெரியாததால், தள்ளி வைத்த அதே வசனத்தைத்தான் தோழி வாசித்தாள். உதடு ஒன்று சொல்ல, குரல் இன்னொன்று சொல்லிற்று. திறந்த வெளியில் நிற்கிற பெண்ணின் குரல், அலுமாரிக்குள் இருந்து பேசுவது போல வந்தது.

திரையிடலுக்குப் பெரியம்மா பஸ் ஏறி வந்தார். இரண்டாவது வரிசை. படம் ஓடி ஒரு நிமிடத்தில் பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் கேட்டார், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி: "அது ஆருட குரல் மனே?"

எத்தனை வருடம் ஆனாலும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, என் மேல்தான். சரி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

மைக் வாய்க்குக் கிட்ட இருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் குரல் ஆறு டெசிபெல் குறையும், சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். கமெரா பத்தடி தள்ளி நின்றால் அதன் மைக்கும் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது, ஸூம் பண்ணினாலும் அது கிட்டப் போகாது. விலை கூடிய மைக் வாங்கச் சொல்லவில்லை. ஒரு போனில் ஒலிப்பதிவு செயலியை ஓடவிட்டு, இயர்போன் வயரின் மைக்கை நெஞ்சுப் பக்கம் உடுப்புக்குள் ஒளித்து வைத்தாலே பத்தடி தூரத்து மைக்கைவிட நன்றாக இருக்கும். செயலியில் முடியுமென்றால் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியை நிறுத்துங்கள். ஆள் பேச்சை நிறுத்துகிற இடமெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிவிடும்.

ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கமெரா முன்னால் ஒரு தரம் கை தட்டுங்கள். இரண்டு கருவியில் பதிந்ததைப் பிறகு பொருத்த அந்தத் தட்டுத்தான் உதவும்.

காற்றுக்குக் கறுப்பு ஸ்பொன்ச் உறை காணாது, அது மூச்சுக் காற்றுக்கு மட்டும். வெளியில் மயிர் வைத்த உறை வேண்டும். பழைய கரடிப் பொம்மையின் தோலை உரித்துத் தைத்த ஒரு தங்கையை எனக்குத் தெரியும், அருமையாக வேலை செய்தது. மைக்கில் காற்று மோதி ஒலி உடைந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

ஒருவர் ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. இடம் பார்க்கப் போகும்போது, படம் எடுக்கப் போகிற அதே நேரத்தில் போய், ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். காலை அமைதியாக இருந்த ஒழுங்கைக்குப் பின்னேரம் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். கோயில் ஸ்பீக்கர், பள்ளிவாசல் பாங்கு, காகம் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. வீட்டுக்குள் என்றால் ஃபேனையும் ஃபிரிஜ்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் திறப்பை ஃபிரிஜ்ஜுக்குள் போட்டுவிடுங்கள், போகும்போது அதைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். இது எங்கேயோ கேட்ட வித்தை. ஒரு வீட்டாரின் மீனை நாறவிட்ட பிறகுதான் நான் கைக்கொள்ளத் தொடங்கினேன்.

முக்கியமானது இது. காட்சி முடிந்ததும் ஆட்களைக் கலைய விடாதீர்கள். கமெராவை நிறுத்திவிட்டு, காற்றுக்கு மறைவாகப் பக்கத்தில் ஒரு சுவரோரம் கூட்டிப்போய், "இப்ப பேசினதை இன்னொருக்காப் பேசுங்கோ" என்று மைக்கைக் கிட்டப் பிடித்துப் பதியுங்கள். இரண்டு தரம். மூச்சும் வேகமும் அப்போது இன்னும் உடம்பில் இருக்கும், பெரும்பாலும் உதட்டோடு பொருந்தும். பிறகு எல்லோரையும் வாயை மூடச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டு விழுகிற இடங்களில் போட்டு நிரப்ப அது வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம்தான் எங்களிடம் இருக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

மட்டக்களப்புப் பேச்சைப் படத்தில் வைக்கத்தானே நாங்கள் இந்த ஊரில் படம் எடுக்கிறோம்? ஸ்டூடியோவில் கண்ணாடிக்குள் தனியாக நின்று பேசினால், படுவான்கரை ஆளுக்கே வாயில் பாடப்புத்தகம் வந்துவிடும்.

ரியூப் லைட் துடிக்கிறது

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைட்டும் அதோடு சேர்ந்து துடிக்கும். கமெராவில் செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 செக்கன் என்று வையுங்கள். முடிந்தது.

போனில் எடுத்த வீடியோ நழுவுகிறது

தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தி, நாலாவது நிமிடத்தில் விலகினால் பயப்படாதீர்கள். பல போன்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் வேகத்தையும் குறைத்துவிடும். எடிட்டிங்குக்குள் போடும் முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். எடிட் பண்ணி முடித்த பிறகு மாற்றினால் எல்லாம் முதலில் இருந்து.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு

வேண்டாம்.

ஹாட் டிஸ்க் ஒன்று

இரண்டு.

அனுபவ அறிக்கையைக் கடைசி இரவு எழுதுவது

ஊடகப் பாடத்தில் படத்தோடு ஒரு அறிக்கையும் கேட்பார்கள், என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், எது பிழைத்தது என்று. பெரும்பாலானவர்கள் அதை நன்றியுரை மாதிரி எழுதுகிறார்கள். அம்மா அப்பாவுக்கு நன்றி, கமெரா தந்த அண்ணனுக்கு நன்றி, பல சவால்களைத் தாண்டி வெற்றிகரமாக நிறைவு செய்தோம். படப்பிடிப்பு முடிகிற ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் போனில் நாலு வரி போட்டு வையுங்கள். எந்த ஷாட்டை ஏன் கைவிட்டோம், யார் எந்த முடிவுக்கு மறுப்புச் சொன்னார், ஹெட்போன் எங்கே இருந்தது. அடுத்த நாள் அதைப் பார்த்து எதையாவது மாற்றினீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

நான் எழுதவில்லை. கடைசி இரவு, 'ஒலிப்பதிவில் சில சவால்கள் ஏற்பட்டன' என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தேன். அறிக்கை திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது: 'அவர் உண்மையில் என்ன சொன்னார்?'