‘ஆஸ் திக் ஆஸ் தீவ்ஸ்’: பொருளறிந்து பயன்படுத்துவது எப்படி?

“அவர்கள் இருவரும் திக் ஃப்ரெண்ட்ஸ்” என்று பேச்சில் சொல்லும்போது, ‘திக்’ என்பதற்குத் தடிமன் என்ற பொருளை நாம் யாரும் கொள்வதில்லை. நெருக்கம் என்றே கொள்கிறோம். ‘ஆஸ் திக் ஆஸ் தீவ்ஸ்’ (as thick as thieves, ‘திருடர்களைப் போல நெருக்கமாக’) என்னும் ஆங்கில மரபுத்தொடரைக் கற்பவர் இங்கிருந்தே தொடங்கலாம். தொடரின் பொருளைத் தாங்கி நிற்பது ‘திக்’ என்ற சொல்தான். திருடர்கள் உவமையாக வந்தவர்களே. ஒருவர் வாய் திறந்தாலும் அனைவரும் பிடிபடுவர் என்பதால், ஒருவரையொருவர் நம்பி, மறைவாகப் பேசி, ஒட்டியே திரிய வேண்டிய கூட்டம் அது.

‘திக்’ நெருங்கிய பழக்கத்தைக் குறிக்கும் வழக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உண்டு. 1833இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் தியோடர் ஹூக்கின் நாவலில், தம் மனைவியும் மற்றொரு பெண்ணும் நெருங்கிப் பழகுவதை இத்தொடரால் குறிப்பிடும் ஒருவர், ‘பழமொழி சொல்வதுபோல’ என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே அதற்கு முன்பே இது மக்கள் வாயில் வழங்கியிருக்க வேண்டும். அதனினும் பழைய உவமை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ‘இரண்டு இங்க்கிள் நெசவாளர்களைப் போல’ என்பது. இங்க்கிள் என்பது குறுகிய நாடா. அதை நெய்யும் தறியும் குறுகியதாகையால் நெசவாளர்கள் தோளோடு தோள் உரச அமர்ந்தார்கள் என்று இவ்வுவமைக்கு விளக்கம் கூறுவர். எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியான நூலில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். நாடா நெசவாளர்கள் வழக்கிலிருந்து மறைந்துவிட, திருடர்கள் நிலைத்துவிட்டார்கள்.

பயன்படுத்தும்போது எழுவாய் பெரும்பாலும் பன்மையாக இருக்கும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ‘தே ஆர் ஆஸ் திக் ஆஸ் தீவ்ஸ்’ என்பது சரி. முதலில் வரும் ‘ஆஸ்’ விடுபட்டாலும் பிழையில்லை. ஆனால் ஒருவரை மட்டும் சுட்டி ‘ஹி இஸ் திக்’ என்றால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அவர் மந்தபுத்தியுள்ளவர் என்றாகிவிடும். ‘இரண்டு குட்டைப் பலகைகளைப் போலத் திக்’ என்னும் தொடரும் முட்டாள்தனத்தையே குறிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நட்பைப் பாராட்டப் போய் வசைபாடியதாக முடியும்.

பள்ளித் தோழிகள், பேரனும் தாத்தாவும், எப்போதும் குசுகுசுவென்று பேசிக்கொள்ளும் சகோதரர்கள் ஆகியோரைப் பற்றிய இயல்பான பேச்சுக்கும் கதைக்கும் இத்தொடர் மிகப் பொருந்தும். விண்ணப்பத்திலோ பரிந்துரைக் கடிதத்திலோ இதைத் தவிர்ப்பது நல்லது. அதிகாரியையும் ஒப்பந்ததாரரையும் சேர்த்து இவ்வாறு எழுதினால், அவர்களுக்குள் ஏதோ உடன்பாடு இருக்கிறது என்ற ஐயமும் உடன் ஏறிக்கொள்ளும்.

தமிழாக்கம் செய்பவர் ‘கூட்டுக் களவாணிகள்’ என்று எழுதிவிடக் கூடாது. நம் வழக்கில் அது நேரடிக் குற்றச்சாட்டு. ‘நகமும் சதையும் போல’ என்பது பெரும்பாலான இடங்களில் பொருந்தும். ஆயினும் மூலத்திலுள்ள மறைவுப் பேச்சின் சாயல் அதில் இல்லாததால், கதைக்கு அது தேவைப்படும் இடத்தில் ‘இருவருக்குள்ளும் எத்தனையோ இரகசியங்கள்’ என்பதுபோல ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.