துன்ப காலத்தில் ஆண்டவரை நம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல ஆலயங்களில் தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைகளை, வைத்திருப்பார்கள். வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்று எடுப்போம். எரேமியா 29:11 வந்தவருக்கு முகம் மலர்ந்துவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த அட்டை வேதாகமத்துக்குள் பத்திரமாகப் போய்விடும். ஏப்ரலில் வேலை போகிறது, அல்லது ஜூனில் ஸ்கேன் அறிக்கை மோசமாக வருகிறது. அட்டையை எடுத்துப் பார்த்து, "ஆண்டவர் சொன்னபடி செய்யவில்லையே, என் விசுவாசத்தில்தான் குறையோ?" என்று உடைந்துபோகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து வாசிப்பதால் வரும் வேதனை இது.

அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசன் எகொனியாவையும் மக்களில் பலரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். ஊரை இழந்து நின்ற அந்த மக்களுக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா எழுதினார். இதற்கிடையில் அனனியா என்ற தீர்க்கதரிசி, "இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று தேவாலயத்தில் எல்லாரும் கேட்கச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தையும் உடைத்துப் போட்டான். யாருக்கும் கேட்க ஆசையாக இருக்கும் செய்திதான். ஆனால் அது பொய். எரேமியாவின் கடிதத்தில், நாம் மனப்பாடமாகச் சொல்லும் வசனத்துக்கு முந்தைய வசனத்திலேயே 70 வருஷம் என்று எழுதியிருக்கிறது. அன்று அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு அது என்ன ஆறுதல்? கடிதத்தின் தொடக்கத்தில் பதில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். சிறையிருப்பு முடிந்த பிறகுதான் ஆண்டவர் கூட இருப்பார் என்றில்லை. அதன் நடுவிலேயே அவர்களுக்கு ஒரு வாழ்க்கையை வைத்திருந்தார். கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய அரசன் கோரேசின் கைக்குப் போனது. அதன் பிறகே நாடு திரும்ப வழி திறந்தது. ஆகவே "இந்த மாதக் கடைசிக்குள் அற்புதம் நடக்கும்" என்று யாராவது தேதி குறித்துச் சொன்னால், எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அழுவதை அவிசுவாசம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. துக்க வீட்டில் விதவையின் தோளைப் பிடித்து, "சாட்சியாக இருக்க வேண்டும், அழாதேம்மா" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டபின்தான் பாட்டாக மாறுகிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்த மாற்றமும் இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் ஜெபம் என்றே நம் கையில் கொடுத்திருக்கிறது. ஆண்டவரிடம் முறையிடுகிறவன் அவரை விட்டுப் போகவில்லை, அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

எல்லாவற்றிலும் அதிகக் காயம் உண்டாக்குவது, துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். எழுந்து போகும்முன், "குடும்பத்தில் ஏதாவது சாபம் இருக்கிறதா, அறிக்கை செய்யாத பாவம் உண்டா, யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏற்கெனவே நோயைச் சுமக்கிறவர் அன்று இரவு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க அவன் நண்பர்கள் முதலில் நல்லவர்களாகத்தான் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவம் செய்ததால் தண்டனை பெற்றிருப்பார்கள் என்கிறான் அந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத். இவர்கள் கடவுளுக்காகத்தான் வாதாடினார்கள். ஆனால் கடைசியில் கர்த்தருடைய கோபம் இவர்கள்மேல்தான் மூண்டது. பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவன் செய்ததும் அல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசு சொன்ன பதில் யோவான் 9இல் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அதை வாசித்துவிட்டுப் போகலாம்.

மருந்தை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. சாகும் நிலையில் இருந்த அரசன் எசேக்கியா பிழைப்பான் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், தீர்க்கதரிசி ஏசாயா அவனுடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழ அடையை வைத்துப் பற்றுப்போடச் சொன்னார். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரையையும் மனநல மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி, தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டியவன் சாத்தான் என்பது நினைவில் இருக்கட்டும். வட்டிக்குக் கடன் வாங்கிக் காணிக்கை போட்டால் கடன் தீரும் என்ற போதனையும் இதே வகைதான், விலகி நில்லுங்கள்.

உடல் ஓய்ந்துபோனதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நினைத்து, உபவாசத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடியும் தூங்கினார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

தனியாகவே சுமக்க வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே சீஷர்களில் மூன்று பேரை அழைத்து, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். ஆனால் நம் சபைகளில் பலர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: இங்கே ஜெபக்குறிப்பாகச் சொன்னது மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ஒருவருடைய கடனையோ மகளின் மணமுறிவையோ ஜெபக்கூட்டத்தில் சொல்லும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் உங்கள் வீட்டுக்குள் ஜெபித்துவிட்டு, அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோகலாமா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரலாமா என்று விசாரியுங்கள்.