குறைந்த செலவில் .22 ரைபிள்: காசும் குறியும் வீணாகும் இடங்கள்

திருகோணமலையில் இலக்குச் சுடுதல் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பாடசாலைக் கடேற் அணியில் துவக்குப் பிடித்துப் பழகி, அந்த ஆசை விடாத பிள்ளைகள் ஒரு வகை. மெல்பேர்ண், ரொறன்ரோ என்று போய் அங்கே கழகங்களில் சேர்ந்திருக்கும் அண்ணன்மார், மச்சான்மார் மற்ற வகை. இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான்: அதிகம் செலவழிக்காமல் பயிற்சிக்கு ஒரு நல்ல .22 ரைபிளை (குழல் 0.22 அங்குல அளவில் உள்ளது) எப்படி அமைப்பது?

துவக்குக்கு என்று ஒதுக்கிய காசில் பாதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில். 50 மீற்றரில் புள்ளி பறிபோவது அநேகமாகத் துவக்கால் அல்ல. கீழே வரும் தவறுகளால்தான்.

‘அமைப்பது’ வேறு, செய்வது வேறு

முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். நம்முடைய மாவட்டத்துக் காட்டுக் கிராமங்களில் உள்ளூரில் செய்யும் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் தெரியாதவர்கள் இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த சிலருக்கு, ஒரு குழாயும் பட்டறையும் இருந்தால் .22 ஒன்றைச் செய்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. வேண்டாம். .22 எல்.ஆர். (லோங் ரைபிள்) தோட்டா கைக்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் அது வெடிக்கும்போது, துவக்கில் தோட்டா இருக்கும் அறைக்குள் ஏறக்கூடிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 இறாத்தல் வரை போகும். கார் ரயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35தான். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கணக்குப் பார்த்துச் செய்யாத குழல், சுடுகிறவனின் கண்ணையும் விரலையும்தான் முதலில் எடுக்கும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அனுமதியில்லாமல் செய்வது குற்றம். காற்றுத் துவக்கு விளையாட்டுச் சாமான்தானே என்று வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதும் அதே வகைத் தவறு. 1983 முதல் 2009 வரை போர் பார்த்த ஊர் இது. ஒரு துவக்கு விஷயத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, வீடே அலைய வேண்டி வரும். வாங்குவதற்கு முன்னால் பொலிஸிலும் கச்சேரியிலும் கேட்டு, எழுத்தில் அனுமதி எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு.

இங்கே அனுமதி கிடைக்காவிட்டால் வழி இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். படைப்பிரிவுகளின் விளையாட்டு அணிகளிலும் கடேற் அணிகளிலும் முறையான மேற்பார்வையில் சுடலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகப் போட்டியிட்டது 10 மீற்றர் காற்று ரைபிளில். அந்த இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு. அங்கே கற்றுக்கொள்ளும் மூச்சும் விரலும் அப்படியே .22க்கு வரும்.

மலிவாக வாங்கி, உறுப்பு உறுப்பாக மாற்றுவது

இது பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. தானாகத் தோட்டா ஏற்றும் ரூகர் 10/22 என்ற ரைபிள் 1964இல் வந்தது. அதற்குச் சந்தையில் கிடைக்கும் மாற்று உறுப்புகளுக்குக் கணக்கே இல்லை. மலிவாக அதை வாங்கி, பிறகு குழல், விசை, பிடங்கு (தோளில் ஊன்றும் பகுதி) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகிறார்கள். முடிவில் ஆகும் செலவுக்கு ஆரம்பத்திலேயே கையால் இழுத்து ஏற்றும் நல்ல போல்ட் ரைபிள் ஒன்று வாங்கி, மிச்சத்தில் பல பெட்டித் தோட்டாவும் வாங்கியிருக்கலாம். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1996க்குப் பிறகு தானாகத் தோட்டா ஏற்றும் .22 அங்கே சாதாரண அனுமதியில் கிடைக்காது.

பயிற்சிக்கு அந்தப் போல்ட் ரைபிள் போதும். சாவேஜ் மார்க் 2, சி.இசட். 457 போன்றவை எடுத்த நிலையிலேயே, ஒத்துப்போகும் தோட்டா கிடைத்தால், 50 மீற்றரில் பயிற்சிக்குத் தேவையான அளவு நெருக்கமாகச் சுடும். விசை கடினமாக இருக்கிறதா, கம்பனி தந்த திருகால் கைநூலில் சொன்ன அளவுக்குள் குறையுங்கள். உள்ளே அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். தட்டினால் தானாக வெடிக்கும் துவக்கு அப்படித்தான் உருவாகிறது. பிடங்கோடு இயந்திரத்தைப் பிணைக்கும் திருகாணிகளை மட்டும் அடிக்கடி பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் எந்த விலைத் துவக்கும் கண்டபடிதான் சுடும்.

தோட்டாவை விலையால் மட்டும் தெரிவது

என் கண்ணில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

.22இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. விசையை அழுத்தியதும் பாயும் ஊசி எந்த இடத்தில் அடித்தாலும் பற்ற வேண்டும் என்று சுழற்றிப் பூசுவார்கள். அந்தப் பூச்சு ஒரே சீராக அமையாவிட்டால் குழலிலிருந்து பறக்கும் ஒவ்வொரு ஈய ரவையின் வேகமும் கொஞ்சம் மாறும். பெரிய துவக்குக்காரர்களைப்போல வீட்டில் அளந்து அடைத்துத் திருத்தவும் முடியாது. பெட்டியில் வந்ததைத்தான் சுட வேண்டும்.

வேகம் மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். ரவை வினாடிக்கு 325 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால், 50 மீற்றர் போவதற்குள் ஈர்ப்பால் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குகிறது. வேகம் வினாடிக்கு 10 மீற்றர் கூடிக் குறைந்தாலே விழும் இடம் சுமார் 8 மி.மீ. மேலே கீழே போய்விடும். சர்வதேச 50 மீற்றர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஆக, நீங்கள் அசையாமல் பிடித்திருந்தாலும் தோட்டா உங்களை ஒன்பதுக்குத் தள்ளிவிடலாம்.

வேகமான தோட்டா நல்லது என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. அதிவேக .22 வினாடிக்கு 380 மீற்றர் அளவில் புறப்படும். நம்மூர் வெயிலில், 33 பாகை வெப்பத்தில், ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீற்றருக்குக் கிட்ட. 50 மீற்றரை அடையும் முன்பே அந்த ரவை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் அது தடுமாறுகிறது. இலக்குப் பயிற்சிக்கு ‘ஸ்டாண்டர்ட் வெலொசிட்டி’ என்று எழுதிய, ஆரம்பத்திலிருந்தே ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாதான் சரி. சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட், எஸ்.கே. ஸ்டாண்டர்ட் ப்ளஸ், ஈலி கிளப் ஆகியவை இந்த வகை.

இவற்றில் எது நல்லது என்று என்னைக் கேட்டால் சொல்ல முடியாது. அதை உங்கள் குழல்தான் சொல்லும். ஒரே கம்பனியின் ஒரே மாதிரி இரண்டு துவக்குகள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒரே நாளில், காற்று அடங்கிய நேரத்தில் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து ரவைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய தோட்டாவின் மெழுகு குழலுக்குள் ஒட்டியிருக்கும். பிடித்த வகை தெரிந்ததும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைத்து, அதே இலக்கத்தில் அனுமதியும் காசும் இடம் கொடுக்கும் அளவுக்கு வாங்குங்கள்.

அப்புறம், மூன்று ரவை சுட்டு அது நெருக்கமாக விழுந்ததும் படம் எடுத்து அனுப்பும் பழக்கம். மூன்று எப்போதாவது தற்செயலாகவே ஒன்றாக விழும். பத்துச் சுடுங்கள், அதையும் சில தடவை. கெட்ட ரவையை ‘என் கை ஆடிவிட்டது’ என்று ஒதுக்கக் கூடாது. அதையும் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

கச்சான் காற்றை மறப்பது

திருகோணமலையில் வளர்ந்தவனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே ஆள் துவக்கைப் பிடித்ததும் காற்றை மறந்துவிடுகிறான். மணிக்கு 16 கிலோமீற்றர் பக்கக் காற்று, ஸ்டாண்டர்ட் வேக .22 ரவையை 50 மீற்றரில் 3 செ.மீ. அளவுக்குத் தள்ளும். நடுவில் குறிவைத்தது எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானத்தில் அந்தக் காற்று ஒன்றும் பெரிதில்லை.

இதில் நடக்கும் தவறு என்னவென்றால், காற்றில் சுட்டு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அதற்கேற்பத் திருப்பி, அடுத்த நாள் காற்று மாறியதும் மறுபடி திருப்புவது. ஒரு மாதம் கழித்துத் துவக்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஸ்கோப்பை விடியற்காலையில், இலை அசையாத நேரத்தில் ஒரு தடவை சரிப்படுத்திவிட்டு விட்டுவிடுங்கள். சுடும் இடத்துக்கும் இலக்குக்கும் இடையில் இரண்டு குச்சிகளில் மெல்லிய நூலோ ரிப்பனோ கட்டினால் போதும், செலவில்லாத காற்றுமானி. அந்த நூல் ஒரே மாதிரி ஆடும் நேரத்தில் மட்டும் விசையை அழுத்தப் பழகுங்கள். பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் இதில் புள்ளி.

ஸ்கோப்பும் கன்னமும்

பெரிய துவக்குக்கான ஸ்கோப்பை .22இல் மாட்டினால் ஒரு சிக்கல் வரும். அவற்றில் பல 100 யார் தூரத்துக்குச் சரி செய்யப்பட்டவை. 50 மீற்றரில் கண் கொஞ்சம் விலகினாலும் குறிக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரியும், ரவையும் விலகும். .22க்கென்று கிட்டத் தூரத்துக்கு அமைத்ததையோ, தூரத்தை மாற்றக்கூடியதையோ தேடுங்கள். உருப்பெருக்கம் கூடுதலாக வேண்டும் என்று காசைக் கொட்டாதீர்கள்.

ஸ்கோப் உயரமாக ஏறியதும் கன்னம் பிடங்கில் படாமல் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். தலை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கும். பழைய பஞ்சுப் பாயில் ஒரு துண்டு வெட்டிப் பிடங்கின்மேல் வைத்து இறுக்கிக் கட்டினால் சரி. பின்பக்கத் தாங்குபைக்கு ஜீன்ஸ் கால் ஒன்றைத் தைத்து மணல் நிரப்பலாம். உப்புவெளி, நிலாவெளிக் கரை மணலை மட்டும் எடுக்காதீர்கள். அதிலிருக்கும் உப்பு துணியைத் தாண்டி இரும்பில் ஏறும். கழுவிக் காயவைத்த மகாவலி ஆற்று மணல் நல்லது.

கடல்தானே என்று சுடுவது

.22 தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர். ‘முன்னால் கடல்தானே, யாருக்கு என்ன’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீரில் சாய்வாக விழும் ரவை எகிறிப் போகும். கொட்டியாரக் குடாவில் எந்த நேரமும் வள்ளம் இருக்கும். பனைமரமும் தகரமும் தடுப்பு ஆகாது. அனுமதி பெற்ற சுடுதளம், பின்னால் உயரமான மண் அணை. இவை இல்லாத இடத்தில் ஒரு ரவைகூட வேண்டாம்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கி வைத்தபடி முப்பது வினாடி பொறுத்துத்தான் திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். ரவை குழலுக்குள் சிக்கியிருக்கலாம். தோட்டாவை எல்லாம் வெளியில் எடுத்துவிட்டு, பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் குழலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டு முடிந்ததும் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். ரவை ஈயம், அதன் தூசி விரலில் இருக்கும்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசை அழுத்திப் பழகுவது நல்ல பயிற்சி, செலவும் இல்லை. ஆனால் .22இல் ஊசி வெறும் தோட்டா அறையின் விளிம்பில் அடித்து அதை நசுக்கக்கூடும். கைநூலில் அனுமதித்திருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் பயிற்சிக்கான பொய்த்தோட்டா போட்டுப் பழகுங்கள். எப்படிப் பழகினாலும் உண்மையான தோட்டா நீங்கள் பழகும் வீட்டு அறையிலேயே இருக்கக் கூடாது.

கூடுதலாகத் துடைப்பதும், துடைக்காமல் விடுவதும்

.22 குழலின் உட்புறத்தை ஒவ்வொரு நாளும் தேய்க்க வேண்டியதில்லை. மெழுகுப் படலம் ஒரு சீராக இருக்கும்போதுதான் அது ஒழுங்காகச் சுடும். குறி சிதறத் தொடங்கினால் துடைத்தால் போதும். துடைக்கும்போது பின்பக்கத்திலிருந்து கம்பியை விடுங்கள். முன்வாயின் ஓரம் தேய்ந்தால் குழலின் நேர்த்தி அதோடு போய்விடும்.

வெளிப்புறம் அப்படியல்ல. கடல் மூன்று பக்கமும் சுற்றிய ஊரில் வியர்வைக் கை பட்ட இடத்தில் அடுத்த நாளே துரு பொட்டுப் பொட்டாக எழும். சுட்ட நாளிலேயே எண்ணெய்த் துணியால் இரும்பு முழுவதையும் துடையுங்கள். பஞ்சு வைத்த உறை தூக்கிப் போக மட்டும். அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால், வாடைக்காற்றோடு மழை வரும் கார்த்திகை, மார்கழியில் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்திருக்கும். பூட்டுள்ள அலுமாரியில் நிமிர்த்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் போட்டு, அவற்றை மாதம் ஒரு தடவை எடுத்துச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு.